600 சதுர அடிக் கூரைக்கும் தீர்வையா?



உங்கள் வீட்டுத் தீர்வை ரசீதைக் கடைசியாக எப்போது கையில் எடுத்துப் பார்த்தீர்கள்? பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பில் கலெக்டர் வந்தார், கேட்டார், கட்டினோம், அரிசிப் பானைக்கு மேலே செருகி வைத்தோம், அவ்வளவுதான். பெட்ரோல் விலை 1 ரூபாய் ஏறினால் டீக்கடையில் அரை நாள் பேசுகிறோம். கூரைக்கு மேல் ஏறிய வரியைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

2022 பிப்ரவரி 19 அன்று தமிழகத்தில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 48 வார்டுகள் கொண்ட சிவகாசி மாநகராட்சிக்கு அதுதான் முதல் தேர்தல். 2021 அக்டோபரில்தான் திருத்தங்கல்லையும் சேர்த்து நம் ஊரை மாநகராட்சி ஆக்கினார்கள். வெடி போட்டோம், இனிப்புக் கொடுத்தோம். வாக்குப்பெட்டி மூடி ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 1ஆம் தேதி அறிவிப்பு வந்தது. சொத்து வரி உயர்வு! அன்றைய தேதியைப் பார்த்து முட்டாள்கள் தினக் கேலி என்றுதான் பலரும் நினைத்தார்கள். கேலி இல்லை.

600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம் உயர்வு. 601 முதல் 1200 வரை 50 சதவீதம். 1201 முதல் 1800 வரை 75 சதவீதம். அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கு 100 சதவீதம். தொழிற்சாலைக்கும் தனியார் பள்ளிக்கும் 75 சதவீதம். சென்னையின் பழைய பகுதிகளுக்கு இதைவிடவும் கூடுதல்.

"பார்த்தீர்களா, ஏழைக்குக் குறைவாகத்தானே போட்டிருக்கிறோம்!" என்றார்கள் ஆட்சியாளர்கள். 1200 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளே 83 சதவீதம், அவர்களுக்கு உயர்வு 50 சதவீதத்தைத் தாண்டாது என்று அரசே கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கை நாமும் ஏற்றுக் கொள்கிறோம். ஆனால் நமது கேள்வி வேறு. ஊரில் 83 சதவீதம் பேர் சின்னக் கூரைக்குக் கீழே வாழ்கிறார்கள் என்று தெரிந்த பிறகும், அவர்களில் ஒருவருக்காவது "உனக்கு வரி வேண்டாம், போ" என்று சொல்ல மனம் வந்ததா? உயர்த்தியதில் கொஞ்சம் குறைத்து உயர்த்தினேன் என்பது சலுகையா?

இதில் கட்சி பார்க்க வேண்டாம். 2018 ஜூலையில் அ.தி.மு.க. ஆட்சி, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், வாடகை வீட்டுக்கும் கடைக்கும் 100 சதவீதம் என்று உயர்த்தியது. அப்போது தெருவுக்கு வந்தது தி.மு.க. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வாசலில் நின்றபோது, அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். 2022இல் தி.மு.க. ஆட்சி உயர்த்தியது. தெருவுக்கு வந்தது அ.தி.மு.க.! எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஏழையின் கூரை நினைவுக்கு வருகிறது. கோட்டைக்குள் நுழைந்ததும் கஜானாதான் தெரிகிறது.

மழைக்காலத்துத் தீர்வை

வீட்டை அளந்து வரி போடுகிறவர்கள் வீட்டுக்காரனின் வருமானத்தை அளப்பதில்லை. அடிப்படைக் கோளாறே இதுதான். சிவகாசியில் ஒருவனுக்கு 550 சதுர அடி வீடு இருக்கிறது என்றால் அவன் சொத்துக்காரன் என்று அர்த்தமில்லை. அவன் தாத்தா தீப்பெட்டி ஆபீசில் உழைத்து, சீட்டுப் பிடித்து, ஒரு சென்ட், ஒன்றரை சென்ட் வாங்கிப் போட்ட சுவர் அது. இன்றைக்கு அதில் மூன்று குடும்பம் இருக்கிறது. அந்த வீடு அவர்களுக்கு ஒரு காசு சம்பாதித்துக் கொடுப்பதில்லை. தலைக்கு மேலே நிழல் கொடுக்கிறது, அவ்வளவுதான். நிலத்தின் விலை ஏறிவிட்டதாம். ஏறட்டுமே! விற்றால்தானே காசு? விற்றுவிட்டுத் தெருவிலா நிற்பான்?

பயராபீஸ் வேலை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் அடித்தால் வேலை, வாரக் கடைசியில் கூலி. மழை வந்தால் காயப் போட முடியாது, கூலி இல்லை. தீபாவளி முடிந்தால் பல வாரம் ஆலைக் கதவு பூட்டிக் கிடக்கும். ஒரு ஆலையில் விபத்து என்றால் சுற்றுவட்டாரம் முழுக்க ஆய்வு, உரிமம் நிறுத்தம். 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அதைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த மாதங்களில் கூலி நின்றது, தீர்வை நிற்கவில்லை.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. அந்த இரண்டாவது தவணையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை என்பது நம் பகுதியில் எந்தக் காலம்? முன்பாதி மழை, தீபாவளிக்குப் பிறகு வேலை முடக்கம். சம்பளம் இல்லாத காலத்துக்கென்றே ஒரு தவணை!

யாருக்குப் போகிறது ஊக்கத்தொகை?

இனிமேல்தான் வேடிக்கை. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். பிந்தினால் மாதத்துக்கு 1 சதவீதம் அபராத வட்டி. மாநகராட்சி ஒலிபெருக்கி வைத்து ஊர் முழுக்கச் சொல்கிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு சின்ன வீட்டுக்கு அரையாண்டு வரி 500 ரூபாய் என்று வையுங்கள். நேரத்துக்குக் கட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகை 25 ரூபாய். இரண்டு டீ! அரையாண்டுக்கு 1,00,000 ரூபாய் வரி வருகிற பெரிய வணிக வளாகத்துக்காரர் கட்டினால் 5,000 ரூபாய் முழுசாகக் கிடைக்கும். அவரிடம் ஏப்ரல் மாதமும் காசு உண்டு, அக்டோபர் மாதமும் காசு உண்டு. ஆகவே சலுகை தவறாமல் அவரைத் தேடிப் போகும். கூலிக்காரனிடம் ஏப்ரலில் காசு இருந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டும். அவன் மழை விட்டுக் கட்டுவான். அவனுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை அல்ல, வட்டி.

தமிழ்நாட்டில் சொத்து வரிச் சலுகையே இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. மேலே இருப்பவனுக்கு!

"500 ரூபாய்தானே, இதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்கிற நண்பர்களும் உண்டு. அவர்களுக்கும் பதில் சொல்லிவிடுவோம். அந்த ரசீது தனியாக வருவதில்லை. குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம், இருக்கிற இடத்தில் பாதாளச் சாக்கடைக் கட்டணம் என்று பின்னாலேயே ஒரு படை வருகிறது. பாக்கி விழுந்தால் பெயர் மாற்றம் செய்ய முடியாது. வீட்டை அடமானம் வைத்து மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கப் போனால் வங்கியில் முதலில் கேட்பது தீர்வை ரசீது. கடைசியில் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். கோடீஸ்வரன் பாக்கி வைத்தால் நீதிமன்றம் போய்த் தடையாணை வாங்குகிறான். குழாய்க்கு எங்கே தடையாணை வாங்குவது?

அது 500 ரூபாயிலேயே நிற்கப் போவதும் இல்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின் விதிகளின்படி, ஆண்டுதோறும் 6 சதவீதம், அல்லது மாநிலப் பொருளாதாரத்தின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இதில் எது அதிகமோ அந்த அளவுக்கு வரி ஏறலாம். 2024இல் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. வேறு ஊர்களிலும் அந்த உயர்வு வந்தது. ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால் 12 ஆண்டில் வரி இரட்டிப்பாகும். நம்பிக்கை இல்லாவிட்டால் கடையில் இருக்கும் கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். மாநிலத்தின் பொருளாதாரம் வளர்ந்தால் வரியும் வளர வேண்டுமாம். பெட்டி ஒட்டும் பெண்ணின் கூலி அந்த வளர்ச்சியோடு சேர்ந்து வளர்கிறதா என்று எந்த விதி கேட்கிறது?

மும்பைக்கு ஒரு நியாயம், சிவகாசிக்கு ஒரு நியாயமா?

"மத்திய அரசின் 15வது நிதிக்குழு நிபந்தனை போட்டது, சொத்து வரியை உயர்த்தாவிட்டால் மானியம் கிடைக்காது, நாங்கள் என்ன செய்வோம்?" என்று கை விரித்தார்கள். நிபந்தனை உண்மைதான். வரிக்கு அடிமட்ட விகிதம் அறிவிக்க வேண்டும், மாநில வளர்ச்சிக்கு ஏற்ப வசூல் கூட வேண்டும் என்றுதான் அந்தக் குழு சொன்னது. ஆனால் அந்த நிபந்தனை தமிழ்நாட்டுக்கு மட்டும் போட்டதா? இல்லையே! எல்லா மாநிலத்துக்கும்தான். மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

2022 ஜனவரி 1 அன்று மராட்டிய முதல்வராக இருந்த உத்தவ் தாக்கரே, மும்பை மாநகராட்சியில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்து வரியே கிடையாது என்று அறிவித்தார். அந்த மாதமே அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பயன்பெற்ற குடும்பங்கள் 16 லட்சம். நாட்டிலேயே நிலம் விலையுயர்ந்த ஊர் அது. அங்கே 500 சதுர அடி என்றால் கோடி ரூபாய் பெறுகிற இடமும் உண்டு. அவர்களுக்கே விலக்கு! நாம் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதியும் அங்கே உண்டு. 2019இலேயே அங்கு விலக்கு என்று ஒரு அறிவிப்பு வந்தது. ஆனால் பொது வரி என்ற ஒரு பகுதியை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டு, தண்ணீர், சாக்கடை, கல்வி என்று மற்றப் பகுதிகளை வசூலித்துக் கொண்டிருந்தார்கள். மக்கள் விடவில்லை. மூன்று ஆண்டு கழித்து முழு விலக்கு வந்தது. நாளைக்கு இங்கேயும் அப்படி ஒரு கண்துடைப்பு வரக்கூடும். ரசீதில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்கப் பழகிக் கொள்ளுங்கள்.

கேரளம் அடுத்த வீடு. நம் மாவட்டத்திலிருந்து செங்கோட்டை வழியாக ஒரே நாளில் போய் வரலாம். 2023இல் அங்கேயும் கட்டிட வரியை உயர்த்தினார்கள். உயர்த்திய கையோடு, 60 சதுர மீட்டருக்கு உட்பட்ட, தானே குடியிருக்கும் வீட்டுக்கு வரி விலக்கு என்றார்கள். 60 சதுர மீட்டர் என்றால் சுமார் 645 சதுர அடி. ஒருவருக்கு ஒரு வீட்டுக்குத்தான் விலக்கு. ஆகவே பத்துச் சின்ன வீடு கட்டி வாடகைக்கு விட்டவர் இதில் நுழைய முடியாது. நேர்த்தியான ஏற்பாடு! ஹைதராபாத்தில் 2016 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தலுக்கு முன்பாக, ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை வரி வந்த வீடுகளுக்கு வெறும் 101 ரூபாய் என்று ஆக்கினார்கள். தேர்தல் லஞ்சம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. ஏழைக்குப் போன லஞ்சம்!

முதலாளித்துவத்தின் தாய்வீடு என்கிறோமே அமெரிக்கா, அங்கே விஸ்கான்சின் மாநிலம் 1964இலேயே ஒரு வழி கண்டுபிடித்தது. வருமானம் குறைந்த முதியவரின் வீட்டு வரி, அவர் வருமானத்துக்குத் தாங்காத அளவுக்குப் போனால், தாங்காத பகுதியை மாநில அரசே திருப்பிக் கொடுக்கும். உள்ளாட்சிக்கு வர வேண்டியது வந்துவிடும், கிழவரின் கூரையும் தப்பும். பிறகு பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. 60 ஆண்டுக்கு முன்பு அவர்களுக்குத் தோன்றியது நம் கோட்டைக்கு இன்னும் தோன்றவில்லை.

நம் கோட்டைக்கு வழி தெரியாது என்று சொல்லவும் முடியாது. 2016 முதல் வீடுகளுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். பங்களாவுக்கும் உண்டு, குடிசைக்கும் உண்டு, மனு எழுதிக் கேட்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் முதல், பெண் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வாங்கும்போது சலுகை கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, வாழும்போது கொடுக்கத் தெரியாதா? வழிபாட்டுத் தலங்களுக்கு இந்தச் சட்டத்திலேயே வரி விலக்கு இருக்கிறது. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் தீர்வை இல்லை. சரிதான், நன்றிதான். ஆனால் அந்தப் பள்ளிவாசல் சுவரை ஒட்டி 300 சதுர அடியில் தனியாக இருக்கும் விதவை மூதாட்டிக்கு உண்டு!

மதுரையைப் பாருங்கள்

"சின்ன வீடுகளை விட்டுவிட்டால் மாநகராட்சி எப்படி நடக்கும்? தெருவிளக்கு யார் போடுவார்கள்?" இந்தக் கேள்வி நியாயமானது. இதைத் தள்ளிவிட்டுப் போக மாட்டோம். வைகைக் கரையில் நடந்ததை முதலில் பாருங்கள்.

மதுரை மாநகராட்சியில் பெரிய வணிகக் கட்டிடங்களுக்கு, அதிகாரிகளின் கணினி ரகசிய எண்ணைப் பயன்படுத்திச் சொத்து வரியைக் குறைத்துப் போட்டதாகப் புகார் எழுந்து, வழக்குப் பதிவாகி, பலர் கைதானார்கள். 2025 ஜூலையில் மண்டலத் தலைவர்கள் 5 பேரும் ராஜினாமா செய்தார்கள். அக்டோபரில் மேயரும் விலகினார். குற்றம் யார் மீது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கேட்பது ஒன்றுதான். அந்தப் புகாரில் வருவது பெட்டி ஒட்டும் பெண்ணின் ஓட்டு வீடா? பெரிய பெரிய கட்டிடங்கள் அல்லவா? ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அடைக்காமல், குடத்தில் கிடக்கும் கடைசிச் சொட்டுக்கு ஏன் துணி போட்டுப் பிழிகிறீர்கள்?

வரி சதுர அடிக்கு ஏற்பப் போகிறது. ஆகவே தலையெண்ணிக்கையில் சின்ன வீடுகள் அதிகம் என்றாலும் தொகையில் அவற்றின் பங்கு அந்த அளவுக்கு இருக்காது. வீடு வீடாக ஏறி இறங்கி அதை வசூலிக்கும் செலவையும் கழித்துப் பாருங்கள். மீதிக் குறைவை மாநில அரசு ஈடு செய்ய வேண்டும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்கு ஒரு பங்கு ஏற்கெனவே போகிறது. அதில் இதற்கென்று ஒரு இனம் சேர்ப்பது முடியாத காரியமல்ல. கோட்டை போடும் உத்தரவுக்குக் கோட்டைதான் காசு கொடுக்க வேண்டும். இந்த ஈட்டை எழுதி வாங்காமல் விலக்கை மட்டும் வாங்கினால், அடுத்த நாள் பாரம் கடைக்காரர்கள் தலையில்தான் விழும்.

வியாபாரிகளே, உங்களிடம் தனியாகவும் ஒரு வார்த்தை. "கடைக்கு 100 சதவீதம் ஏற்றினார்கள், எங்களுக்கு யார் பேசினார்கள்?" என்ற உங்கள் வருத்தம் புரிகிறது. வாடகைக் கடையில் இருப்பவர்கள் கதை இன்னும் மோசம். வரி கட்டிடச் சொந்தக்காரருக்கு, பாரம் வாடகையில் உங்களுக்கு. ஆனால் உங்கள் கடைக்கு வாரக் கடைசியில் வருவது யார்? பயராபீஸ் கூலியும் அச்சாபீஸ் கூலியும்தானே உங்கள் கல்லாவில் விழுகிறது? அவன் கூரைக்குப் போகிற காசு உங்கள் கடைக்கு வராத காசு. தவிர, நம்மில் எத்தனை பேர் வீட்டுத் திண்ணையில் கடை வைத்திருக்கிறோம்! முன்பக்கம் 80 சதுர அடியில் ஒரு மளிகை, ஒரு தையல் மிஷின், ஒரு செல்போன் ரிப்பேர். அந்த 80 சதுர அடிக்கு வணிக வரி போடட்டும். அதைக் காரணம் காட்டி வீடு முழுவதையும் வணிகக் கட்டிடமாக எழுதிவிடக் கூடாது. விலக்கு வரும்போது இந்தத் திண்ணைக் கடைக்காரன் விடுபட்டுப் போவான் என்பதே எனக்குள்ள பெரிய கவலை.

இன்னொன்று. 2021 முதலே ஆனையூர், விஸ்வநத்தம், சித்துராஜபுரம் போன்ற பக்கத்து ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சு இருந்து வருகிறது. ஊராட்சி வரிக்கும் மாநகராட்சி வரிக்கும் உள்ள வித்தியாசம் இணைந்த பிறகுதான் அந்த மக்களுக்குத் தெரியும். கேட்க வேண்டியதை முன்பே கேட்டுவிடுவது நல்லது.

என்ன கேட்பது? 600 சதுர அடிக்கு உட்பட்ட, தானே குடியிருக்கிற, வேறு வீடு இல்லாதவரின் வீட்டுக்கு எல்லாப் பகுதிகளும் சேர்த்து முழு விலக்கு. 600க்கு மேல் 1200 வரை, முன்னுரிமைக் குடும்ப அட்டை வைத்திருப்பவர், விதவை, மாற்றுத்திறனாளி, 60 வயது கடந்தவர் என்றால் பாதி வரி. ஆண்டு 6 சதவீத உயர்வு இந்த வீடுகளைத் தொடக்கூடாது. திண்ணைக் கடையைத் தனியாக அளக்க வேண்டும். ஈட்டுத்தொகை மாநிலத்திடமிருந்து. விலக்கு கொடுக்கும் அதிகாரம் மாமன்றத்துக்கு இல்லை, அரசுக்குத்தான் என்பார்கள். சரி, மாமன்றம் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பட்டும். 48 உறுப்பினர்களில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

இளைஞர்களே, அதற்கு முன் உங்கள் தெருவில் உங்களுக்கு வேலை இருக்கிறது. நாளை விலக்கு வந்தாலும், தாத்தா பெயரில் ரசீது கிடக்கும் வீட்டுக்கு அது கிடைக்காது; குடியிருப்பவர் சொந்தக்காரர் என்று ஏட்டில் இருக்காது. எனவே வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்ற மனுவை இப்போதே எழுதிக் கொடுங்கள். அளவுநாடா ஒன்று எடுத்துக் கொண்டு வீடு வீடாகப் போய் அளந்து, ரசீதில் இருக்கும் சதுர அடியோடு ஒப்பிடுங்கள். 580 சதுர அடி வீடு ஏட்டில் 620 என்று இருந்தால், அந்த 40 சதுர அடியால் அந்தக் குடும்பம் நாளைக்குக் கோட்டுக்கு வெளியே நிற்கும். வித்தியாசம் இருக்கும் வீட்டுக்கு ஆணையாளர் பெயரில் ஆட்சேபணை மனு எழுதி, ஒப்புகை முத்திரை வாங்கி, நகல் ஒன்றை ஜமாஅத் அலுவலகத்தில் வையுங்கள். நம் வீடு, அடுத்த வீட்டுக்காரர் வீடு என்று பிரிக்காதீர்கள். தெரு முழுவதையும் அளந்து கொடுங்கள்.